ஆயுத பூசைக்குக் குளித்த கார்

நான் லுணுகலையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சென்ற ஆயுத பூசையன்று, சாமிக்கு முன் அழுக்காக நிற்கலாமா என்று எஞ்சின் மேலும் நான்கு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பொட்டு வைக்கும்போதே தேயிலைத் தோட்டத்து முனியம்மா அக்கா ஓடி வந்தார். அவருடைய மருமகளுக்குப் பிரசவ வலி. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

முனகிக்கொண்டே கிளம்பிய கார், பசறை ஏற்றத்தில் உதறி நின்றுவிட்டது. பழைய கார்; முன்னால் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடி போட்டுச் சுற்றினேன், சுற்றினேன், உயிர் வரவில்லை. உள்ளே அந்தப் பெண் அலறினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, அதே கதிதான்.

"வண்டிய என்னாங்க தம்பி செஞ்சீங்க?"

"குளிப்பாட்டுனேங்க அக்கா."

"குளிப்பாட்டுனா போதுமா? தலைய தொவட்டுனீங்களா?"

சுருக்கென்றது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர்! துடைக்க என்னிடம் உலர்ந்த துணியே இல்லை. அக்கா மூட்டையை அவிழ்த்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வைத்திருந்த பழஞ்சேலைத் துண்டை நீட்டினார்.

"புடிங்க. மொதல்ல புள்ள பொறக்கட்டும்."

மூடியையும் பிளக்குகளையும் துடைத்து, மறுபடி கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குள் தூக்கிப்போன கால்மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

இப்போதெல்லாம் எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுவதில்லை. துடைத்துவிட்டுப் பொட்டு மட்டும் வைக்கிறேன். என் சீட்டுக்கடியில் எப்போதும் உலர்ந்த துணி இருக்கும். குழந்தைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.