அவள் கேட்ட மன்னிப்பு

காட்டிக்கொடுத்தவள் நான்தான். ஜெயந்தி இல்லை.

இதைக் கவிதாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாகச் சொல்லவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். இருவரின் பெயரையும் மாற்றிவிட்டேன். அந்த மட்டுக்காவது இப்போது வாயைக் கட்டத் தெரிகிறது.

நான் உளப்பகுப்பாய்வாளர். ஊரில் 'பேச்சு டாக்டர்' என்பார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. வருகிறவர் பேசுவார், நான் கேட்பேன். லண்டனில், போரில் வீடிழந்து வந்தவர்களின் பேச்சை மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். குமுளியில் மலையாளத்தில் அழுதவர்களிடமும் ஏலத்தோட்டத்துப் பெண்களிடமும் உட்கார்ந்திருக்கிறேன். யார் வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். எங்கேயும் ஒரு சொல் வெளியே போனதில்லை.

சொந்த ஊரில்தான் போயிற்று!

கம்பத்தில் ஓர் உரக்கடைக்கு மேல் என் அறை. கவிதாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. சின்னமனூரில் ஒரு வங்கியில் வேலை. இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுச் சனிக்கிழமைதோறும் வருவாள். தோழி ஜெயந்திதான் ஸ்கூட்டரில் கூட்டி வருவாள். கீழே ஜூஸ் கடையில் ஒரு மணி நேரம் காத்திருப்பாள்.

ஒரு நாள் என் அண்ணன் மனைவி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார், கை நிறையப் பன்னீர் திராட்சையோடு.

"ஏத்தா, அந்தப் புள்ள ஒன் மாடிப்படி எறங்கி வந்ததப் பாத்தேன். எங்க அக்கா மகனுக்கு அதத்தான் பேசி முடிச்சிருக்காக. நீ வெவரம் ஒண்ணும் சொல்ல வேணாம். கட்டலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

இங்கே பெண் விசாரிப்பது புதிதல்ல. பால்காரரிடம் கேட்பார்கள், பள்ளி ஆசிரியையிடம் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார். யார் வருகிறார்கள் என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன் என்று நான் எழுந்து போயிருக்க வேண்டும். காவல்துறை கேட்டபோதே அப்படிச் சொன்னவள் நான்!

ஆனால் இவர் மதினி. "பேச்சக் கேக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்று பல வருடம் சிரித்த மதினி. அன்றுதான் முதன்முறையாக என் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துக் காத்திருந்தார். அது எனக்கு இனித்தது... வெட்கத்தோடு சொல்கிறேன், திராட்சையைவிட இனித்தது.

"கொஞ்ச நாள் போகட்டும் மதினி" என்றேன்.

அவ்வளவுதான். அவள் நன்மைக்குத்தானே சொன்னேன்? கல்யாணத்துக்கு இன்னும் அவள் தயாராகவில்லை என்று நிஜமாகவே நினைத்தேனே? எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் பதில் அந்தத் திராட்சையில்தான் போய் நிற்கிறது.

"நமக்குள்ள இருக்கட்டும்" என்று மதினி என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் கவிதா வீட்டில் நிச்சயத்துக்குப் புடவைகூட எடுத்திருந்தார்கள். ஒரே வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். பெண் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறதாம் என்று தரகர் வந்து கவிதாவின் அம்மாவிடமே சொன்னார். மதினி என்னை ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. எனக்கு! ஆத்திரப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அடுத்த சனிக்கிழமை கவிதா பஸ்ஸில் வந்தாள்.

"ரெண்டே பேருக்குத்தான் மேடம் தெரியும். ஒங்களுக்கும் ஜெயந்திக்கும். நீங்க சொல்ல மாட்டீக."

ஜெயந்தி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதானே... "அப்படித் தோணும்போது ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன். எங்கள் தொழிலில் தினமும் கேட்கிற கேள்வி. அன்று அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவள் வாழ்க்கையில் முதன்முறையாக அவள் சந்தேகம் உண்மையாகியிருந்தது. அவளைப் பற்றித்தான் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அந்த உண்மையையும் நோயின் கணக்கில் சேர்த்து, எட்டு மாதம் அவளுக்கு வைத்தியம் பார்த்தேன்!

இடையில் ஒருநாள் ஜெயந்தி மட்டும் படியேறி வந்தாள். "போன் எடுக்க மாட்டேங்கிறா மேடம். நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

"இங்கன பேசுறத வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றேன். அந்த விதி சரியாக அப்போது நினைவுக்கு வந்தது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

கவிதாவுக்குப் படபடப்பு நின்றது. ஊர் மாற்றமும் கிடைத்தது. கடைசி நாள், கிளம்ப எடுத்த பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும் மேடம். ஒரே ஒரு நா... நீங்களே சொல்லியிருப்பீகளோன்னு நெனச்சுட்டேன். எனக்கே அசிங்கமாப் போச்சு. எவ்வளவு கெட்ட புத்தி பாருங்க! என்னய மன்னிச்சிருங்க."

அவள் கண்கள் நிறைந்திருந்தன. சொல்வதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு வரப்போவதில்லை. அது அப்போதே தெரிந்தது.

"பரவால்ல கவிதா" என்றேன்.

அவளை மன்னித்து அனுப்பினேன்... நான்!