சம்பளம் போட்ட ஹாரன் அக்கா

பள்ளி பஸ் ஓட்டும் அந்தப் பெண்ணை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு தெருமுனையிலும் மூன்று முறை ஹாரன் அடிப்பாள். நாலாவது முறை அடிக்க மாட்டாள், வண்டியை எடுத்துவிடுவாள். அதனால் பிள்ளைகளுக்கு அவள் ஹாரன் அக்கா, பெரியவர்களுக்கு வெறும் ஹாரன். பதினேழு வருஷமாக அதே பஸ். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணிக்குத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். நடுவில் வண்டியைக் கழுவுவாள், ஆயில் பார்ப்பாள், கடைசி சீட்டில் காலை நீட்டி ஒரு குட்டித் தூக்கம் போடுவாள்.

ஒருநாள் நகராட்சியிலிருந்து நீளமான பழுப்பு உறை வந்தது. வேகமாகப் போனதற்கு அபராதம் என்று நினைத்து அப்படியே கணவரிடம் நீட்டினாள். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எதையும் இரண்டு முறை படிக்காமல் வாயைத் திறக்க மாட்டார்.

"அபராதம் இல்ல. கவுன்சிலருங்களுக்கு எவ்வளவு சம்பளம் குடுக்கலாம்னு நீ சொல்லணுமாம்."

"யாரு, நானா?"

"நீயேதான். பேரு, வீட்டு நம்பர் எல்லாம் பாத்துட்டேன். ஒரு பிழை இல்ல."

புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. கவுன்சிலர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே முடிவு செய்யக் கூடாது. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் ஐந்து பேரை எடுப்பார்கள். அந்த ஐந்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் அதுதான் முடிவு, அடுத்த தேர்தலில் ஜெயித்து வருகிறவர்களுக்கு அது பொருந்தும். அதுவரை நடப்பில் இருந்தது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் யாரோ எழுதிவைத்த படித்தொகை. ஒரு கூட்டத்துக்கு வந்தால் ஒரு டீக்கும் ஒரு பன்னுக்கும் காணும்.

"சம்பளமா? அவங்களுக்கா?" என்று மாமியார் பொரிந்து தள்ளினார். "தெருமுனைக் குழி எத்தனை நாளா வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு? பூஜ்யம்னு எழுதிட்டு வந்து சேரு."

"நானும் அதத்தான் நெனச்சேன் அத்தை" என்றாள் ஹாரன். அந்தக் குழியில் இறங்கி அவள் பஸ்ஸின் ஸ்பிரிங் பிளேட் இரண்டு தடவை முறிந்திருந்தது.

நகராட்சி மாடியில் ஒரு சின்ன அறையில் முதல் கூட்டம். வயதில் மூத்தவர் என்பதால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தலைமை தாங்கினார். மற்றவர்கள் ஒரு மருந்துக் கடைக்காரர், ஒரு பிளம்பர், செல்போன் கடையில் வேலை பார்க்கும் இளம்பெண், ஹாரன்.

"எதுக்கு ஜவ்வா இழுக்கணும்?" என்றார் மருந்துக் கடைக்காரர். "பூஜ்யம்னு போடுங்க. சேவை பண்ண வர்றவங்க சேவை பண்ணட்டும். எனக்குக் கடையில கூட்டமா இருக்கும்."

"எனக்கும் சரி" என்றாள் ஹாரன். தலைமையாசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் பிளம்பர் தொண்டையைச் செருமினார்.

"அது சரிங்க. அவங்க நாள் பூரா என்னதான் வேலை பண்றாங்க? யாருக்காவது தெரியுமா?"

மருந்துக் கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு குழாய்க்குக் கூலி சொல்லணும்னாலே நான் குனிஞ்சு உள்ள பாத்துட்டுத்தான் சொல்வேன்" என்றார் பிளம்பர்.

ஹாரனுக்கு அது சுருக்கென்று தைத்தது. வண்டிச் சத்தத்தைக் கேட்காமல் எந்தக் கோளாறையும் அவள் சொன்னதில்லை. "ஒம்பதுலேர்ந்து மூணு வரைக்கும் நான் சும்மாதானே இருக்கேன். போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

முதலில் ஜவுளிக்கடை முதலாளி. மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த கவுன்சிலர். மாதக் கூட்டத்துக்கு வந்தார், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், டீ வருவதற்குள் காரில் ஏறிவிட்டார். வார்டு மக்கள் கொண்டுவந்த மனுக்களைக் கடைக் கணக்கர் வாங்கித் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தார். "முதலாளி பிஸிம்மா" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்தது பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் பெண். முதல் தடவையாகக் கவுன்சிலர் ஆனவர். ஹாரன் போய்ப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றிருந்தார். மோட்டார் எரிந்துபோய் நான்கு தெருவுக்குத் தண்ணீர் இல்லை. ஆட்கள் வந்து மோட்டாரைக் கழற்றும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு நடக்க முடியாத ஒருவரின் உதவித்தொகை மனுவை எடுத்துக்கொண்டு நகராட்சியில் மூன்று ஜன்னல்களில் மாறி மாறி நின்றார். இரண்டு மணிக்கு நின்றபடியே ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு லீவாக்கா?"

"எங்க லீவு? போகலேன்னா சம்பளம் கெடையாது. இந்த மாசம் ஒம்பது நாள் போயிடுச்சு. இப்படியே போனா இனிமே வரவே வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"அடுத்த தடவை நிப்பீங்களா?"

அவர் சிரித்தார். "நின்னா எங்க வீட்டு அடுப்பு எரிய வேணாமா?"

அன்று மாலை பிள்ளைகளை ஏற்றும்போது ஹாரனின் மனம் ஒரு நிலையில் இல்லை. மறுநாளே நகராட்சி எழுத்தரிடம் போய், கடந்த ஐந்து தேர்தல்களில் நின்றவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். கணவரின் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் வேலை பார்க்கிறவர்களில் ஜெயித்தவர்கள், பிஸ்கட் கம்பெனிப் பெண்ணை விட்டுவிட்டு, மொத்தம் ஏழு பேர். அவர்களில் இரண்டாம் முறை நின்றவர்கள் எத்தனை பேர் என்று தேடினாள். மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக.

"ஒருத்தர்கூட இல்ல" என்று காலி பஸ்ஸில் வாய்விட்டுச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நகராட்சி மன்றத்தில் எள் விழ இடமில்லை. ஜவுளிக்கடை முதலாளி எழுந்து, "எனக்கு ஒரு காசு வேண்டாம். மக்கள் அன்பு போதும்" என்றார். கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "குழுவுல யாராவது பேசணுமா?" என்று தலைமையாசிரியர் கேட்டார். ஹாரன் எழுந்தாள். மைக்கை நீட்டினார்கள். அறுபது பிள்ளைகளை அடக்கிப் பழகிய தொண்டை, அவள் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"சார், இப்ப உங்க கடைய யாரு பாத்துக்கறாங்க?"

"பையன் இருக்கான், ஆளுங்க இருக்காங்க."

"பிஸ்கட் கம்பெனி அக்கா இங்க வந்தா, அவங்க மிஷின்ல யாரு நிப்பாங்க?"

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காசு வேண்டாம்னு சொல்றது பெரிய மனசுதான், நான் இல்லேங்கல. ஆனா உங்களுக்கு வேண்டாங்கறதால யாருக்குமே இல்லாம போயிடுதே! கூலி வேலை பாக்கறவங்க ஏழு பேரு ஜெயிச்சிருக்காங்க. ஒருத்தர்கூட ரெண்டாந்தடவை நிக்கல. ஏன்? நாம ஓசில கவுன்சிலர் கேட்டோம். ஓசில வர முடிஞ்சவங்க மட்டுந்தான் தங்குனாங்க. பூஜ்யம் போடணும்னுதான் நானும் வந்தேன். இப்ப எனக்கு வெக்கமா இருக்கு."

"அப்ப வீட்டுல தூங்கறவனுக்கும் சம்பளமா?" என்று ஒருவர் கத்தினார்.

"கூட்டத்துக்கு வராத நாளுக்குப் பிடித்தம். யாரு யாருக்குப் பிடிச்சாங்கன்னு மாசாமாசம் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்."

"சரி, எவ்வளவு போடப் போறீங்க?"

"நகராட்சி தண்ணி லாரி டிரைவர் என்ன வாங்கறாரோ அதேதான். அவருக்கு ஏறுனா இவங்களுக்கும் ஏறும். தனியா ஏத்திக்க முடியாது."

"டிரைவருக்கு டிரைவர் சப்போர்ட்டு!" என்று யாரோ குரல் கொடுக்க, மன்றமே சிரித்தது. ஹாரனும் சிரித்துவிட்டாள்.

"ஆமா! அந்த டிரைவர் ஒரு நாள் வரலேன்னா உங்க வீட்டுல குளிக்க முடியுமா? கவுன்சிலர் வரலேன்னாலும் அப்படித் தெரியணும்ல?"

பின்வரிசையில் ஒரு கை தட்டியது. பிறகு பத்து. பிறகு எத்தனை என்று தெரியவில்லை. பிஸ்கட் கம்பெனிப் பெண் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் கையெழுத்து பிளம்பருடையது. இரண்டாவது ஹாரன். செல்போன் கடைப் பெண் பேனாவை வாங்கி, "நானும் ஒரு நாள் நிக்கலாம்ல, அதான்" என்று சொல்லி மூன்றாவதைப் போட்டாள். முடிவு ஆகிவிட்டது. நாலாவதாகத் தலைமையாசிரியரும் போட்டார். மருந்துக் கடைக்காரர் கடைசிவரை போடவில்லை. ஆனால் எழுந்து வந்து ஹாரனின் கையைக் குலுக்கினார். "நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல முடியலம்மா. பேனாதான் நகர மாட்டேங்குது."

மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில், "எங்க மருமக போட்ட சட்டமாக்கும்" என்று அவர் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது.

எட்டு மாதத்தில் தேர்தல் வந்தது. முந்தைய தடவை பத்தொன்பது வார்டுகளுக்கு முப்பத்தோரு மனு. இந்தத் தடவை கடைசி நாளில் வரிசை மாடிப்படியில் இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு நர்ஸ், ஒரு கொத்தனார், ஒரு தபால்காரர், சீருடையோடு வந்த ஒரு காவலாளி. எண்பத்து நான்கு மனு. ஹாரனையும் நிற்கச் சொன்னார்கள். "எனக்கு வண்டி ஓட்டத்தான் புடிக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

பிஸ்கட் கம்பெனிப் பெண் ஊரிலேயே அதிக வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். நர்ஸும் கொத்தனாரும் ஜெயித்தார்கள். ஜவுளிக்கடை முதலாளியும் இழுபறியில் தப்பித்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. பிடித்தம் அவருக்குப் பெரிதல்ல, நோட்டீஸ் போர்டுதான் பெரிது.

புதிய மன்றத்தின் முதல் கூட்டத்துக்கு ஹாரன் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். வருகைப் பதிவு எடுத்தார்கள். பத்தொன்பது பேரும் இருந்தார்கள். குடிநீர்க் குழாய் மாற்றுவதைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. கொத்தனார் கவுன்சிலர் வரைபடத்தை மேசையில் விரித்துப் பொறியாளரைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். டீ வந்தது, ஆறியது, யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டரை மணிக்கு ஹாரன் மட்டும் எழுந்தாள். பிள்ளைகளை ஏற்றப் போகும் நேரம். வாசலைத் தாண்டும்போது, ஊருக்கே கேட்கும்படி ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போனாள்.