தோல் உரிகிற வாரம்

2007 ஜூலையில் மிரேய்க்கு ஐம்பத்தெட்டு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு கன்னத்திலும் படர்ந்திருந்த மங்குக்கு வைத்தியம் பார்க்க அவர் தோல் டாக்டரிடம் போனார்.

"லேசர் சீக்கிரம் வேலை செய்யும். ஆனா நம்ம நிறத்துக்குச் சில பேருக்கு இன்னும் கருத்துடும்," என்றார் டாக்டர். "மருந்து பூசி மேல்தோலை உரிக்கிற பீல் மெதுவாத்தான் கேக்கும், நாலஞ்சு தடவை போடணும். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் தோல் உரியும்."

பாரீசிலிருந்து மகள் அலெக்சாந்த்ரா போனில் அடம்பிடித்தாள். "லேசரே பண்ணிக்க மம்மான். இங்க எல்லாரும் அதான்."

"அங்க இருக்கிற தோலுக்கு அது. என் தோலுக்கு நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மிரேய் பீல் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் முகம் உரியத் தொடங்கியது. மறுநாள் ஜூலை பதினாலு, பிரெஞ்சுத் தேசிய நாள். ஊர்க் கடற்கரையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைக்கும்போது சொல்தா வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் நிற்பது வழக்கம். காலையில் தம்பி மார்செல் வாசலை மறித்தார்.

"இந்த மூஞ்சோட வராதக்கா, ஊரே சிரிக்கும். இந்த வயசுல யாருக்குக் காட்ட இதெல்லாம்?"

"போன வருஷம் பல்லு கட்டிக்கிட்டியே, யாரைக் கடிக்க?"

மார்செல் வழிவிட்டார். மிரேய் வெயிலுக்குக் குடை பிடித்தாரே தவிர, முந்தானையால் முகத்தை மூடவில்லை. முன்வரிசையில் போய் நின்றார். பக்கத்திலிருந்த பெண்கள் வெறித்துப் பார்த்தார்கள்.

"பீல் போட்டிருக்கேன்," என்றார் சத்தமாக.

"எரியுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எரியும்."

அடுத்த பீல் ஆகஸ்ட் நாலாம் தேதி.