அவன் ஏன் கேட்கவில்லை

அங்காளம்மாள் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் கார்டு. வயது நாற்பத்துமூன்று. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு; கணவர் ஜெயவேலுவுக்கு அங்கேயே ஹார்டுவேர் கடை. பத்தொன்பது வருடம் விசிலும் கொடியுமாக ஓடியவர், போன வருடம் அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், படிக்கணும் போல இருந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் பருவத்தில் ஒரு சிறுகதையைக் கொடுத்து வாதக் கட்டுரை கேட்டார்கள். கதையில் ஒருவன் பையை நடைமேடையில் விட்டுவிட்டு, கிளம்பிய ரயிலில் சங்கிலியை இழுக்கிறான். வண்டி ஆறு நிமிடம் நிற்கிறது. அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண்ணால் அப்பாவை உயிரோடு பார்க்க முடியவில்லை என்று மறுநாள் கேள்விப்படுகிறான். அதன்பிறகு அவன் ரயிலே ஏறுவதில்லை. அவனுடைய குற்றவுணர்ச்சி நியாயமானதா என்பது கேள்வி.

அங்காளம்மாளின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஆறு நிமிடம்தான். அதில் நாலை வழியிலேயே ஈடுகட்டிவிடலாம் என்பது அவர் அனுபவம். மிச்சம் இரண்டு நிமிடம். அதற்கா ஆயுள் முழுக்க வருத்தம்? இதையே வாதமாக எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனார். அவரைவிடப் பத்து வயது இளையவரான ஆசிரியர் ஸ்ரீவத்சன் படித்துப் பார்த்தார்.

“உங்க கணக்கு சரியா இருக்கலாம் மேடம். ஆனா அது கதைல இல்லையே. அவனுக்கு அது தெரியுமா?”

சுருக்கென்றிருந்தது. ஆனால் கேள்வி பிடித்தும் இருந்தது. இரண்டு டிரிப்புக்கு நடுவே, கார்டுகளின் ஓய்வறையில் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஐந்தாவது முறை ஒன்று புலப்பட்டது. அந்தப் பெண்ணின் தெரு அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்புகிறான். அப்பா எத்தனை மணிக்கு இறந்தார் என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. வண்டி கிளம்பும் முன்பே இறந்திருந்தால்?

அன்றிரவு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெயவேலுவிடம் இதைச் சொன்னார்.

“தப்பு நம்மள்து இல்லன்னு தெரிஞ்சிட்டா, இத்தினி வருஷம் இன்னாத்துக்குக் கஷ்டப்பட்டோம்னு ஆயிடும்ல. அதான் அவன் கேக்கல” என்றார் ஜெயவேலு.

அங்காளம்மாள் உடனே எழுந்துபோய் அதைக் குறித்துவைத்தார். தொடக்கத்தில் நியாயமாக இருந்த உணர்ச்சி, கேட்காமல் தள்ளிப்போட்டபோது அவன் விடமாட்டாத உடைமையாகிவிட்டது. இதுதான் புது வாதம். எதிர்வாதமும் வேண்டும். அந்தப் பெண்ணின் துக்கத்தைக் கிளற வேண்டாமென்று அவன் ஒதுங்கியிருக்கலாம். இதற்கு எவ்வளவு யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. பதில் இல்லை என்றே எழுதிக் கொடுத்தார்.

இருபத்தைந்துக்கு இருபது வந்தது. ஸ்ரீவத்சன் அந்தப் பதிலில்லாத பத்தியைத்தான் வகுப்பில் வாசித்துக் காட்டினார். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, மேடவாக்கத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் வகுப்புத் தோழி எபி பக்கத்தில் வந்தார்.

“உயிர் போன நேரத்தை நாங்க எழுதி வைப்போம்க்கா. அப்புறமா வந்து அதைக் கேக்குறவங்க ரொம்பக் கம்மி.”

“வந்து கேட்டவங்க யாரு?” என்றார் அங்காளம்மாள்.

எபி சொல்ல ஆரம்பித்தார். பஸ் ஸ்டாப் வந்தும் பேச்சு முடியவில்லை. இரண்டு பஸ்களை ஏறாமலே விட்டார்கள்.