வயிற்றில் தண்ணீர், கையில் உப்பு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் சமைப்பது நான்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் மெஷினைப் பார்த்துக்கொள்வது என் சம்பள வேலை. கோயில் சமையல் சம்பளமில்லாத வேலை, கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. சாம்பார், ரசம், கூட்டு, உருளைக்கிழங்கு பிரட்டல், பாயசம். தோட்டத்து ஜனங்களோடு பக்கத்து ஊர்களான தானா ராத்தாவிலிருந்தும் கியா பார்மிலிருந்தும் வருகிறவர்களும் பந்தியில் உட்காருவார்கள். அன்றைக்கு மானேஜர் துரையின் காருக்குப் பின்னால் முட்டைக்கோஸ் லோரி நிற்கும், அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் வரிசை.

எனக்கு வயிறு வீங்க ஆரம்பித்ததை முதலில் கவனித்தது என் காற்சட்டைப் பொத்தான்தான். "நல்லா தின்னுறீங்க, அதான்" என்றாள் என் மனைவி. அவள் கொழுந்து எடுக்கும் வேலைக்குப் போகிறவள். எதையும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் கை கால்கள் மெலிந்துகொண்டே போக, வயிறு மட்டும் முன்னால் வந்தது. தொப்புள் வெளியே துருத்தியது. குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடியவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்கினேன். அப்போது அவளே சொன்னாள்: "இது சோத்து வயிறு இல்லங்க. டவுனுக்குப் போலாம்."

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வயிற்றுக்குள் நீர் சேர்ந்திருக்கிறது என்றார்கள். எழுதிக் கொடுத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைப் பார்த்தவர் ஒரு மலாய் டாக்டரம்மா. என் மகளைவிடச் சில வயது பெரியவராக இருப்பார். "பாக்சிக்" என்று மாமா முறை சொல்லித்தான் பேசுவார். அவர் கேட்ட முதல் கேள்வி, குடிப்பீர்களா என்பது. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, முன்னால் குடித்ததுண்டா என்றார். இளவட்டமாக இருந்தபோது ஒரே ஒரு முறை குடித்துப் பார்த்து, என்னை ஏற்றிக்கொண்டு போன நண்பனின் மோட்டார் முழுக்க வாந்தி எடுத்ததைச் சொன்னேன். மூன்றாவது முறையும் அதே கேள்வி வந்தபோது என் மனைவி தனக்குத் தெரிந்த மலாயில் குறுக்கிட்டாள்.

"டாக்டர், இவரு கல்யாண வீட்டுல பீர் பாட்டில எடுத்துக் குடுத்தாகூட கைய கழுவிட்டுத்தான் வந்து உக்காருவாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

விலாவுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, குழாய் விட்டு நீரை இறக்கினார்கள். பையில் இறங்கிய நீர் பால் ஊற்றாத இளந்தேநீர் நிறத்தில் இருந்தது. வாழ்நாளெல்லாம் தேயிலையோடு இருப்பவனுக்கு வேறு எது ஞாபகம் வரும்? பை நிறைந்தது, மாற்றினார்கள், அதுவும் நிறைந்தது. எழுந்து நின்றபோது மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மனைவி யாரிடமோ ரஃபியா பிளாஸ்டிக் கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டாள். அப்படியேதான் பஸ் ஏறினோம்.

சில வாரங்களில் வயிறு பழையபடி வீங்கிவிட்டது. திரும்ப ஈப்போ. ஈரல் பார்த்தார்கள், இதயம் பார்த்தார்கள், சிறுநீரகம் பார்த்தார்கள், காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் பார்த்தார்கள். சின்னத் துளை போட்டு கேமராவை உள்ளே விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது, என் வயிற்றைத் தவிர. ஒரு நாள் டாக்டரம்மா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காரணம் எங்களுக்குத் தெரியவில்லை, பாக்சிக். தேடிக்கொண்டிருப்போம். அதுவரை இதோடு வாழக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால் நான் நம்பியிருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். எங்கள் வீட்டில் தராசு இல்லை. தொழிற்சாலை வாசலில் கொழுந்து நிறுக்கும் தராசில்தான் ஏறி நின்றேன். எடை எழுதும் கிராணி, "இன்னைக்குக் கொழுந்து ஈரமா இருக்கு லா" என்று கேலி செய்வார்.

இவற்றுக்கெல்லாம் பழகிவிட்டேன். பழக முடியாமல் தவித்தது உப்பை நிறுத்தியதற்குத்தான். உப்பு நீரைப் பிடித்து வைக்குமாம். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், கிச்சாப் சாஸ், மேகி எல்லாம் போயிற்று. மனைவி கடையில் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படித்து எதில் எவ்வளவு உப்பு என்று பார்க்கக் கற்றுக்கொண்டாள். எனக்குத் தனிச் சட்டி வைத்தாள். எலுமிச்சை, மிளகு, பூண்டு, பச்சை மிளகாய், கொத்துமல்லி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். கூடவே பத்தியம் இருக்கிறேன் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. தன் தட்டில் உப்பைத் தூவிக்கொண்டே, "உங்களுக்குத்தான் வயிறு, எனக்கில்ல" என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. பரிதாபப்பட்டு இரண்டு பேரும் சப்பென்று சாப்பிட்டிருந்தால் அந்த வீட்டில் என்னால் இருந்திருக்க முடியாது.

தோட்டத்தில் யார் கேட்டாலும், "வயித்துல தண்ணி சேருது" என்று மட்டும் சொன்னேன். பெயரில்லாத நோயை வேறு எப்படிச் சொல்வது? கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணி என்றால் எங்கள் பக்கம் சாராயமும் தண்ணிதான். ஒருவன் என் முகத்துக்கு நேராகவே சொன்னான்: "தெரியும்ணே, என்ன தண்ணின்னு." லைன் வீடுகளில் ஒரு பேச்சு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஒளித்து வைத்துக் குடித்திருக்கிறான், ஈரல் போய்விட்டது என்று ஆகிவிட்டது.

திருவிழாவுக்கு முந்தைய கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. கோயில் தலைவர் வயதில் மூத்தவர், தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"தம்பிக்கு ஒடம்பு முடியல. இந்த வருஷம் ஈப்போவுல ஒரு கேட்டரிங்காரன்கிட்ட சொல்லிடலாம்னு பாக்குறோம்."

பின்வரிசையில் ஒரு குரல், "குடிச்சு வயிறு வீங்குனவன் கையால ஆத்தாளுக்குப் படைக்கிறதா" என்றது. மெதுவாகத்தான் சொன்னது. எல்லாருக்கும் கேட்டது.

என் மனைவி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்: "பேச்சு வந்தா நீங்களே எழுந்து சொல்லுங்க. நான் சொன்னா புருஷனுக்குப் பரிஞ்சு பேசுறேன்பாங்க."

எழுந்தேன். சட்டையைத் தூக்கி, விலாவில் போட்டிருந்த பிளாஸ்திரியைக் காட்டினேன்.

"என் வயித்துல நீர் சேருது. ஈப்போவுல ஊசி போட்டு எடுக்குறாங்க. எதனாலன்னு டாக்டருக்கே தெரியல. ஈரலு நல்லா இருக்கு. நான் குடிக்கிறவன் இல்ல. சந்தேகம் இருக்கிறவங்க அடுத்த தடவ என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. பஸ் காசு நான் தரேன்."

தலைவர் இப்போது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி தம்பி. ஆனா உப்பே திங்காதவன்னு சொல்றாங்க. நாக்குல உப்பு தெரியாம எப்படி லா சமைப்பே?"

"தலைவரே, நான் என்னைக்காவது ருசி பாத்துச் சமைச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மனுக்குப் படைக்கும் முன் எதையும் வாயில் வைக்கக் கூடாது. எத்தனையோ வருடமாக ஒரு துளி சாம்பாரை நாக்கில் விடாமல்தான் அண்டா அண்டாவாகச் சமைத்து இறக்கியிருக்கிறேன். அளவெல்லாம் கையில்தான் இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "அப்ப நீயே செய்" என்றார்.

கூட்டத்தில் நிமிர்ந்து சொல்லிவிட்டு வந்தேனே தவிர, வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. என் கை உப்பைத் தொட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. மனைவியின் தம்பி லெம்பா பெர்த்தாமில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். அவனைச் சாப்பிட வரச்சொல்லி, பெரிய சட்டி நிறைய சாம்பார் வைத்தேன். ருசி பார்க்காமல் உப்பை அள்ளிப் போட்டேன். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"சொல்லுடா" என்றேன்.

"மாமா, ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்கு."

கை பயந்துபோயிருந்தது. எனக்கு ஆகாதது எல்லாருக்கும் ஆகாது என்று அதுவாகவே குறைத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு திரும்ப வைத்தேன், உப்பு கரித்தது. அதற்கடுத்த ஞாயிறு, பேசாமல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். மனைவி தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "வந்துருச்சு" என்றாள்.

திருவிழாவுக்கு முந்தைய வாரமே நீரை எடுத்துவிட முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். என்னென்ன சமையல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, தேதியை மாற்றிக் கொடுத்தார். "எதையும் தூக்கக் கூடாது. அந்தச் சாம்பாரை நீங்கள் சாப்பிடவும் கூடாது" என்றார். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

அன்றைக்குக் கோயிலுக்குப் பின்னால் விறகடுப்பு மூட்டினோம். மலைக்காற்று குளிராக இறங்கியது. மச்சான்தான் என் கைகளாக இருந்தான். அண்டாவைத் தூக்கினான், சோற்றை வடித்தான், கிளறச் சொன்ன இடத்தில் கிளறினான். உப்பு மட்டும் நான் போட்டேன். கை நிறைய அள்ளி, அண்டாவைச் சுற்றி நடந்து தூவினேன். அடுப்பு வேலைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. பூசை முடிந்து, படையல் போட்டு, பந்தி உட்கார்ந்தது.

எங்கள் வழக்கப்படி இலை ஓரத்தில் கொஞ்சம் உப்பு வைப்போம். உப்பு குறைவு என்று படுகிறவர்கள் தொட்டுக்கொள்ளட்டும் என்று. நான் மண்டபத் தூணோரம் நின்று முகங்களைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தேன். சாம்பாரில் பிசைந்தார்கள், சாப்பிட்டார்கள். இலை ஓரத்துக்கு ஒரு விரலும் போகவில்லை. தலைவர் சாம்பார் வாளியைக் கையசைத்துத் திரும்பக் கூப்பிட்டார். ரசத்தில் மிளகு தூக்கல் என்று ஒரு அம்மா சொன்னார். அது உண்மைதான். வீட்டில் உப்புக்குப் பதில் மிளகைப் போட்டே பழகிவிட்டேன்.

இலை எடுக்கப்போன என் மனைவி திரும்பி வந்து காதில் சொன்னாள்: "எல்லா இலையிலயும் உப்பு வச்சது வச்சபடி கெடக்குங்க."

நாங்கள் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு டிபன் கேரியரில் எலுமிச்சைச் சோறும் பீன்ஸ் பொரியலும், அவளுக்கு என் சாம்பார். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும். அன்றைக்கு என் நெஞ்சு நிமிர்ந்து இருந்ததற்கு நீரை எடுத்தது மட்டும் காரணமில்லை.

பின்வரிசையில் பேசியவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அவரும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்.

இன்னும் காரணம் தெரியவில்லை. மாத்திரை தொடர்கிறது. சில சமயம் நீர் வேகமாக ஏறுகிறது, சில சமயம் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்து படுப்பவர்கள் என்ன நோய் என்று கேட்டால், பெயர் வைக்கவில்லை என்று சொல்கிறேன். இப்போது கூச்சமில்லை.

இந்த வருடத் திருவிழா சமயத்தில் வயிறு பெரிதாகவே இருந்தது. எப்படிக் குனிந்து அடுப்பைப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டேதான் காலையில் கோயிலுக்குப் போனேன். பின்கட்டில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கால் வைத்த கேஸ் அடுப்புகள் வரிசையாக நின்றன. தலைவர் சொல்லி, தொழிற்சாலை ஃபிட்டர் பழைய இரும்பை வெட்டி ஒட்டிச் செய்தவை. என்னிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஃபிட்டர் ஓரமாக நின்று தலையைச் சொறிந்தார்.

"உங்க உயரத்துக்குத்தான் அளவெடுத்தேன்ணே. வேற ஆளு சமைக்கணும்னா கஷ்டம்தான்."

மச்சான் அண்டாவை ஏற்றினான். நான் நிமிர்ந்து நின்றபடியே பருப்பைக் கொட்டினேன்.