அப்பாவின் கையில் கட்டியிருந்த கறுப்புத் துணி

மாமரங்களுக்கு மருந்தடித்துவிட்டு வந்த அப்பா வீட்டு வாசலிலேயே சுருண்டு விழுந்தார். வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஐசியூவில், அவர் மணிக்கட்டின் ரத்தக்குழாய்க்குள் மயிரிழை போல ஒரு கண்ணாடி இழையைச் செலுத்தியிருந்தார்கள். இழை வழியே ஒளி போனால் அதன் நுனியிலுள்ள பூச்சு மினுங்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய மினுக்கம் கூடும். அதை அளந்து, ஆக்ஸிஜன் எவ்வளவு என்று திரையில் எண்ணாகக் காட்டும் கருவி.

"இது அறுபதுக்குக் கீழ போச்சுன்னா தொண்டைல குழாய் போட்டுருவோம். போட்டா எடுக்கறது கஷ்டந்தான், தம்பி," என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கையெழுத்து நான்தான் போடவேண்டும்.

மத்தியானம் அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்து நான் போனேன். எழுபத்தொன்று என்றது திரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்தாறு. அறுபத்திரண்டு. நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, சம்மதப் பத்திரத்தை என்னிடம் நீட்டினார். பேனாவை வாங்கினேன். பெயரின் முதல் எழுத்தைத்தான் போட்டிருப்பேன்.

"அய்யோ, இத யாரு கட்னது?" என்றார் நர்ஸ்.

அப்பாவின் மணிக்கட்டில் காசு முடிந்த மஞ்சள் துணி. இழையும் கருவியின் ஒயரும் சேரும் இடத்தில் வெளிச்சம் புகாமல் சுற்றியிருந்த கறுப்புத் துணியைக் காணவில்லை. அங்கே ஜன்னல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நர்ஸ் அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்தினார். எண் மெல்ல ஏறியது. உள்ளே புகுந்த வெயிலையும் மினுக்கம் என்றே எடுத்துக்கொண்டு கருவி எண்ணைக் குறைத்திருக்கிறது.

கதவோரம் நின்ற அம்மா, இடுப்பில் செருகியிருந்த கறுப்புத் துணியை எடுத்து நீட்டினாள். "படுத்துக் கெடக்கற மனுசனுக்குக் கறுப்பு கட்டுவாங்களாடா? அதான் அவுத்துட்டு, சாமிக்கு முடிஞ்சு கட்டினேன்."

"சாமி ஒண்ணும் சொல்லலம்மா, மெஷினுதான் பயந்துடுச்சு," என்றார் நர்ஸ். கறுப்பை இறுக்கிச் சுற்றிவிட்டு, "மஞ்சள் அது பாட்டுக்கு இருக்கட்டும், போங்க," என்றார்.

எழுபத்தெட்டு. அம்மா கும்பிட்டபடி வெளியே போனாள். பாதிக் கையெழுத்தோடு பத்திரம் என் கையிலேயே இருந்தது. திருப்பிக் கேட்க நர்ஸ் மறந்துவிட்டார், கொடுக்க எனக்கும் தோன்றவில்லை.

எண் எழுபத்தேழு ஆனது. முதலில் துணியைத்தான் பார்த்தேன். இறுக்கமாகவே இருந்தது. பிறகு அப்பாவின் மார்பைப் பார்த்தேன்.