சாட்டியில் எடுபடாத பாட்டு

1. இரண்டு கிற்றாரும் ஒரு குரலும்

சாட்டிக் கடற்கரையில் பின்னேரம் நாலு மணி வெயிலில் றொக் பாட்டுப் பாட வந்த நாலு பேரையும் மேடையில் ஏற்றிவிட்டவன் நான்தான். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே இறக்கிவிடலாமா என்று யோசித்தவனும் நான்தான்.

வேலணையில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, பெருநாள், கலியாணவீடு என்று தீவுப் பக்கத்தில் நான் மைக் கட்டாத இடம் குறைவு. அன்றைய கடற்கரை விழாவின் முக்கிய நிகழ்ச்சி சீலனின் இசைக்குழு. சீலன் எங்கள் பக்கத்தில் பெயரெடுத்த கீபோட்காரர். அவருடைய ஆட்கள் ஏறமுன் அரை மணித்தியாலம் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி நான்தான் அவரிடம் கேட்டிருந்தேன். மடத்துவெளித் துளசி பாட்டு எழுதுவாள், பாடுவாள். ஊர்காவற்துறைக் கெவின் ட்ரம்ஸ். மற்ற இருவரும் கிற்றார். சொந்தப் பாட்டு மட்டும்தான். சொந்தப் பாட்டுக்கு இங்கே யார் மேடை தருகிறார்கள்? சாட்டியிலும் அடுத்த கிழமை காரைநகரிலும் சீலனுக்கு முன்னால் ஏறினால் உண்டு. இல்லாவிட்டால் அறைக்குள் பூட்டிக்கொண்டு வாசிக்க வேண்டியதுதான்.

முதல் பாட்டிலேயே விஷயம் கெட்டது. இரண்டு கிற்றார்காரரும் போட்டிக்குச் சத்தத்தைக் கூட்டினார்கள். துளசியின் குரல் அமுங்கிப்போனது. குரலை நான் கூட்ட, பாடுபவர்கள் கேட்க மேடையில் வைத்த மொனிற்றர் ஸ்பீக்கர் கூவத் தொடங்கியது. குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். நான் பாராட்டுகிறேன் என்று நினைத்து அவர்களும் சந்தோசமாகக் கையைக் காட்டினார்கள்.

பாட்டு முடிந்தபோது வெயிலில் சூடேறிய தந்திகள் சுருதி விலகியிருந்தன. கிற்றார்காரர் இருவரும் சுருதி சேர்க்க, நாலு பேரும் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கத்தில் மேடை அமைதியானால் நிகழ்ச்சி முடிந்தது என்று அர்த்தம். சனம் எழும்பிக் கடலில் குளிக்கப் போய்விட்டது.

"தங்கச்சி, படப்பாட்டொண்டு பாடுமன்," என்று போகிற போக்கில் ஒருவர் சொன்னார்.

துளசி தன்னுடைய அடுத்த பாட்டைத் தொடங்கினாள். ஐந்து பாட்டும் இப்படியே போனது. கடைசிப் பாட்டுக்கு விழாக்குழுவினர் மட்டும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் எழும்பினால் மரியாதையில்லை.

பிறகு சீலன் ஏறினார், குளிக்கப் போன சனமெல்லாம் ஈர உடுப்போடு ஓடிவந்தது. முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"அன்ரன், காரைநகருக்கு உவை வேண்டாம். வெறுங்கதிரைக்கு ஆர் பாடுறது? நீரே பக்குவமாச் சொல்லிவிடும்."

2. யாரும் கேட்காத இடம்

அடுத்தநாள் காலை வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது என்ற யோசனைதான். நாலு பேரும் தாங்களாகவே என் கொட்டிலுக்கு வந்து நின்றார்கள்.

"அண்ணை, நேற்றையான் ரெக்கோர்டிங் இருக்கோ?" துளசி கேட்டாள்.

"இருக்கு. எந்தப் பாட்டு வேணும்?"

"எல்லாம். இஞ்சையே இருந்து முழுக்கக் கேக்கப்போறம்."

வழமையாகக் குழுக்கள் நல்ல பாட்டொன்றை வெட்டியெடுத்து யூரியூப்பில் போடத்தான் கேட்பார்கள். எடுபடாத தங்கள் நிகழ்ச்சியை முழுதாகக் கேட்க வந்தவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. வாய்வரை வந்த சீலனின் பேச்சை விழுங்கிக்கொண்டேன்.

ஸ்பீக்கர் பெட்டிகளில் ஏறி இருந்து கேட்டார்கள். கேட்கக் கேட்க முகங்கள் தொங்கிப்போயின. கிற்றார்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முதல் பாட்டு முடிந்து சுருதி சேர்க்கும் இடைவெளி வந்தது. அதைத் தாண்டி ஓடவிடப் போனேன்.

"விடுங்கோ அண்ணை, அதையும் கேப்பம்," என்றான் கெவின்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நிகழ்ச்சி இன்ரநெற்றில் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரடியாகப் போகும். "சனத்தின்ரை சத்தம் கேக்கேல்லை, செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்று அவர்கள் குறைப்பட்ட பிறகு, மேடை முன்னால் சனத்தைப் பார்த்து ஒரு மைக் வைப்பேன். பாட்டு நின்றாலும் அந்த மைக் நிற்காது.

இடைவெளியில் காற்று, கதிரை இழுபடும் சத்தம். பிறகு கிறவல் பாதையில் வண்டிச் சில்லு உருளும் சத்தம். தாச்சியில் அகப்பை தட்டியது. நிலக்கடலை வறுத்து விற்கும் புஸ்பமக்காவின் கச்சான் வண்டி. எந்த நிகழ்ச்சிக்கும் எனக்கு முந்தி வந்து நிற்பவர். சனம் கடல் பக்கம் போகிறது என்று கண்டு அவரும் வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போகிறார். போகும்போது வாய் சும்மா இருக்கவில்லை. துளசியின் பாட்டைப் பாடிக்கொண்டு போகிறார். சொல் பிடிபடாத இடமெல்லாம் னன்னன்னா, கடைசியில் மட்டும் தெளிவாக, "பஸ்ஸுக்கு என்ன அவசரம்."

பாலத்தால் வரும் பஸ்ஸைப் பற்றிய பாட்டு அது. திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டேன். மூன்றாம் தரம் அவர்கள் சொல்லாமலே நானாகப் போட்டேன். துளசி அழுதாள், சிரித்தாள்.

"பாட்டுப் போய்ச் சேந்திருக்கு," என்றான் கெவின். "எங்கடை சத்தம்தான் குறுக்கை நிண்டிருக்கு."

அவர்கள் முன்னாலேயே சீலனுக்குப் போன் எடுத்தேன். நன்றாகக் கெஞ்சினேன்.

"சரி, ரெண்டு பாட்டு," என்றார் அவர். "மூண்டாவது பாட்டெண்டால் நான் கீபோட்டைத் தூக்கிக்கொண்டு ஏறிடுவன்."

3. வண்டி நின்ற இடம்

காரைநகரில் விளையாட்டு மைதானம். பொழுதுபடுகிற நேரம். மேடை ஏறமுன் துளசி வாசலடியில் நின்ற புஸ்பமக்காவிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"அக்கா, சாட்டியிலை எங்கடை பாட்டைப் பாடினீங்கள் என்ன?"

"நானோ? எனக்கு உதுகள் தெரியாது பிள்ளை. கச்சான் சின்னப் பையோ பெரிய பையோ?"

பெரிய பையை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். அந்தக் கிழமை முழுக்க இருந்து அவர்கள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். துளசி சனத்தைப் பார்த்து நின்று தனிக்குரலில் அந்தப் பாட்டைத் தொடங்கினாள். பிறகு ஒரு கிற்றார். மற்றது கடைசியில்தான் வந்தது. பாட்டு முடிந்து சுருதி பார்த்த நேரம் கெவின் தாளத்தை விடவேயில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் கை வைக்க எனக்கு வேலையே இருக்கவில்லை.

தாச்சியில் அகப்பை தட்டும் சத்தம் கிட்டக் கேட்டது. திரும்பினால் புஸ்பமக்கா மைதானத்துக்குள்ளால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்பாட்டுகிறார்.

"என்னக்கா, இஞ்சாலை வந்திட்டியள்?"

"சனம் இஞ்சைதானே வருது," என்றார், நான் ஏதோ தெரியாதவன் மாதிரி.

வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் பாட்டு முடிய மேடைக்குப் பின்னால் நின்ற சீலனைப் பார்த்தேன். அவர் கீபோட்டைத் தூக்கவில்லை. ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒன்று என்று.

மிக்ஸரில் நிற்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாட்டுக்குப் பாட்டு ரெக்கோர்டிங்கை நிற்பாட்டாதீர்கள். கைதட்டலை நம்பி ஒரு குழுவை எடை போடாதீர்கள், முன்வரிசைக்காரர் மரியாதைக்கும் தட்டுவார்கள். நானென்றால் இப்போது நிமிர்ந்து, கச்சான் வண்டி எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்ப்பேன்.